பழைய காரில் ஸ்டியரிங் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைந்த விலையில் பழைய கார் வாங்கியவர்கள் ஸ்டியரிங் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். பதிலும் எப்போதும் ஒரே வரிசையில்தான் போகும்: முதலில் டயரும் காற்றும், அப்புறம் பால் ஜாயின்ட் (சக்கரம் ஏறி இறங்கவும் திரும்பவும் விடும் உருண்டை மூட்டு), டை ராடு எண்ட் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனை மூட்டு) மாதிரி மூட்டுகள், எல்லாம் பார்த்த பிறகுதான் ரேக், அதாவது ஸ்டியரிங் வீலின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் இட வல அசைவாக மாற்றும் பாகம். ஆனால் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது, வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன்பே "ரேக் போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். புது ரேக்கின் செலவு சில பழைய கார்களில் வண்டியின் மதிப்பில் பெரும்பங்கைத் தின்றுவிடும், அதனால் இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஸ்டியரிங் சரியில்லை, ஆனால் வண்டி ஓடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

கனமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பவர் அசிஸ்ட் (திருப்ப உதவும் கூடுதல் விசை) போய் கனமாகிவிட்ட ஸ்டியரிங்கில் கை வலிக்கும், ஆனால் சக்கரம் நீங்கள் திருப்பிய பக்கம் திரும்பும், மெதுவாக ஒர்க் ஷாப் வரை கொண்டுபோகலாம். தளர்வு அப்படி இல்லை. டை ராடு எண்டோ லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) பால் ஜாயின்டோ ஆடிக்கொண்டிருந்தால் அது ஒருநாள் கழன்று வரும், கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. மூட்டில் ஆட்டம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கனமும் சில நேரம் ஆபத்துதான்: ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கித் திரும்புகிறது, திருப்பிய பிறகு அங்கேயே நின்றுவிடுகிறது என்றால் அது வெறும் கனம் இல்லை, எங்கோ இறுகிப் பிடிக்கிறது. அதையும் ஓட்டக்கூடாது.

ஸ்டியரிங் ரொம்பக் கனமாக இருக்கிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

காற்றிலிருந்து. முன் டயர்களில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் கனமாவது கண்கூடாகத் தெரியும், முக்கியமாக நிறுத்தும்போதும் எடுக்கும்போதும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. முந்தைய உரிமையாளர் அழகுக்காக அகல டயர் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள், அகலம் கூடினால் கனமும் கூடும்.

அப்புறம் இந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கேட்க வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பழைய சிறிய கார்களின் அடிப்படை மாடல்களில் அது இருக்காது, இல்லாத பொருளைப் பழுதுபார்க்கச் சொல்லி அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டும் சரி என்றால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியால் ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எடை தரையில் இல்லாததால் இப்போது சீராகத் திரும்ப வேண்டும். சீராகத் திரும்பினால் மூட்டுகளில் பிடிப்பு இல்லை, கோளாறு பவர் அசிஸ்டில் இருக்கிறது. அப்போதும் இறுகினால் எந்த விதமாக இறுகுகிறது என்று கவனியுங்கள். ஸ்டியரிங் வீலை ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்குள் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் இளகினால், ஸ்டியரிங் காலமிலிருந்து (வீலுக்குக் கீழே உள்ள தண்டும் அதன் உறையும்) ரேக்குக்குப் போகும் தண்டில் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட் (கோணத்திலும் சுழல விடும் மூட்டு) துருப்பிடித்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ரேக்கை விட எவ்வளவோ மலிவான பாகம் அது. ஆனால் இதன் கோளாறுக்கு ரேக்கின் தலையில் பழி விழுவது உண்டு.

என் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக்கா, எலக்ட்ரிக்கா?

பானெட்டைத் திறந்து ஸ்டியரிங் சக்கரப் படம் போட்ட மூடியுடன் ஒரு ஆயில் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹைட்ராலிக் வகை, பெரும்பாலும் இன்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்பும் பக்கத்திலேயே இருக்கும். டப்பாவே இல்லை, ஆனால் இன்ஜின் ஓடும்போது ஸ்டியரிங் இலகுவாகிறது என்றால் எலக்ட்ரிக்.

ஹைட்ராலிக் ஸ்டியரிங், திருப்பினால் முனகுகிறது. பம்ப் போய்விட்டதா?

அவசரப்படாதீர்கள். முனகலுக்கு முதல் காரணம் ஆயில் குறைவு, அதனால் உள்ளே நுழைந்த காற்று. டப்பாவில் ஆயில் நுரைத்துப் போயிருந்தால் காற்று இருக்கிறது என்று பொருள். ஆயில் அளவு சரியாக இருந்தும் நுரைக்கிறதென்றால் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஓஸையும் அதன் கிளிப்பையும் பாருங்கள், அது உறிஞ்சும் பக்கம், அங்கே தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாமலேயே காற்றை இழுக்கும். அதைச் சரிசெய்து, முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, இன்ஜின் அணைந்த நிலையில் இரண்டு பக்கமும் பலமுறை மெதுவாகத் திருப்பி, ஆயில் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்ற பிறகு இன்ஜினைப் போட்டு மறுபடி திருப்பினால் காற்று வெளியேறிவிடும்.

முனகல் இல்லை, கீச்சென்று கத்துகிறது, அதுவும் முழுக்கத் திருப்பும்போது மட்டும் என்றால் பெல்ட் வழுக்குகிறது. எந்த ஹைட்ராலிக் வண்டியிலும் ஸ்டியரிங்கைக் கோடி வரை திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், அந்த நேரத்தில் பம்ப் உச்ச அழுத்தத்தில் ஓடி ஆயிலைச் சூடாக்கும், சில நொடிகளுக்கு மேல் அது நல்லதல்ல.

ஆயில் குறைந்துகொண்டே வந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். ஓஸ் இணைப்புகள், பம்பின் முன்புறம், அப்புறம் ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட். அந்த ரப்பர் பூட்டை விரலால் அழுத்தும்போது உள்ளே ஆயில் தளும்பினால் ரேக்கின் சீல் போயிருக்கிறது, இதில் சந்தேகமே வேண்டாம். உயர் அழுத்த ஓஸ் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? கடையில் "எதுவும் ஒன்றுதான்" என்கிறார்கள்.

ஒன்றல்ல. சில வண்டிகள் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் ஆயிலைக் கேட்கும், சில வண்டிகளுக்குப் பச்சை நிற சிந்தெடிக் ஆயில். கலந்து ஊற்றினால் சீல்கள் பாழாகும். டப்பாவின் மூடியில் அல்லது வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும், அதை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை எந்தக் காரணத்துக்காகவும் இதில் ஊற்றிவிடாதீர்கள்.

கசிவை நிறுத்தும் திரவம் ஊற்றினால் போதுமா?

அது சீல் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும், லேசான கசிவு கொஞ்ச காலம் குறையலாம். ரேக் மாற்றக் காசு சேர்க்கும் வரை ஒப்பேற்ற உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பழைய காரை விற்கிறவர் இதை ஊற்றித் துடைத்துவிட்டுக் காட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

எலக்ட்ரிக் ஸ்டியரிங், டாஷ்போர்டில் ஸ்டியரிங் விளக்கு எரிகிறது, கனமாகிவிட்டது. மோட்டாரா?

முதலில் பேட்டரி. இந்த மோட்டார் திருப்பும்போது சட்டென்று நிறைய மின்சாரம் இழுக்கும், பேட்டரி அல்லது ஆல்டர்நேட்டர் பலவீனமாக இருந்தால் மின்னழுத்தம் விழுந்து அசிஸ்ட் தானாக நின்றுவிடும். சாதாரண மல்டிமீட்டர் போதும்: இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியில் சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். (புது வண்டிகள் சிலவற்றில் சார்ஜிங்கைக் கணினியே கூட்டிக் குறைக்கும், ஓடும்போது எண் கொஞ்சம் மாறினால் கலங்க வேண்டாம்.) பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடி, பாடியோடு சேரும் எர்த் ஒயர், ஃபியூஸ், இவை அடுத்து. இவையெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்கேனர் போட்டு, வண்டியின் கணினி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை (கோடு) படிக்கச் சொல்லுங்கள், ஸ்டியரிங் மாட்யூலைப் படிக்கக்கூடிய ஸ்கேனராக இருக்க வேண்டும், இன்ஜின் கோடு மட்டும் காட்டும் சின்னக் கருவி இதற்கு உதவாது.

நெருக்கடியான இடத்தில் பலமுறை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பிய பிறகு மட்டும் கனமாகி, கொஞ்ச நேரத்தில் தானே சரியானால் அது பழுதல்ல, சூடேறிய மோட்டார் தன்னைக் காத்துக்கொள்கிறது.

ஹூண்டாய், கியா கார்கள் சிலவற்றில் இன்னொன்று உண்டு. ஸ்டியரிங் காலமில் உள்ள மோட்டாருக்கும் கியருக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் இருக்கிறது, அது தேய்ந்து உதிர்ந்தால் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டும்போதே டக் டக் என்று கேட்கும், கையிலும் தெரியும். பாகம் அற்ப விலை, காலமை இறக்கி ஏற்றும் கூலிதான் செலவு. இது தெரியாமல் முழுக் காலமையே மாற்றியவர்கள் பலர்.

ஸ்டியரிங்கில் பிளே (சக்கரம் திரும்பாமல் வீல் மட்டும் ஆடும் தளர்வு) இருக்கிறது. எவ்வளவு வரை பரவாயில்லை?

வண்டியை நேராக நிறுத்தி, ஹைட்ராலிக் என்றால் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங் வீலின் விளிம்பை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளுங்கள், முன் சக்கரம் அசையத் தொடங்கும் வரை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பல ரேக் வகைக் கார்களின் சர்வீஸ் கையேடுகள் 30 மி.மீ. வரைதான் அனுமதிக்கும். நல்ல நிலையில் உள்ள கார்களில் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

பிளே எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும், அதைவிடச் சிறந்த வழி இல்லை. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதாக இட வலமாக ஆட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். காலமின் அடியில் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட், ரேக்கை பாடியோடு பிடிக்கும் புஷ்களும் (ரப்பர் வளையங்கள்) போல்ட்களும், ரேக் முனையின் ரப்பர் பூட்டுக்குள் ஒளிந்திருக்கும் உள் டை ராடு, வெளியே டை ராடு எண்ட். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிற மூட்டுதான் குற்றவாளி, விரலுக்கு அது துல்லியமாகத் தெரியும். பிடிக்கும் போல்ட் தளர்ந்து ரேக் முழுவதுமே நகர்வதும் உண்டு, அப்படியென்றால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினாலே முடிந்தது.

அடுத்து சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் கை வைத்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு பக்கம். 12, 6 இருக்கும் இடங்களில் மேலும் கீழும் ஆட்டும்போதும் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டில் எது என்று பிரிக்க ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட்.

ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்தச் சோதனையை ஒர்க் ஷாப்பிலேயே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அலைன்மென்ட் செய்தும் போகவில்லை.

எப்போது இழுக்கிறது என்பதில்தான் பாதி விடை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக்கைப் பாருங்கள், ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் போனால் லோயர் ஆர்மின் புஷ் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் இழுக்கிறது என்றால், மழைநீர் வடிய சாலைகள் ஓரமாகச் சரிந்திருக்கும் என்பதை மறக்காமல், சமதளமான வேறொரு இடத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அங்கும் இழுத்தால் இரண்டு பக்கமும் காற்று சமமா என்று பார்த்துவிட்டு, முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை மாற்றக்கூடாது). இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினால் டயரே காரணம். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று முறை அலைன்மென்ட் செய்கிறவர்கள் உண்டு. டயர் இல்லை என்றால், கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் அலைன்மென்ட். மூட்டுகளில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு செய்கிற அலைன்மென்ட் அன்று சாயங்காலம் வரைகூட நிற்காது. செய்யும்போது முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எதன் காரணமாக இழுக்கிறது என்பதை அந்தத் தாளில் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) கேஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாயும் கோணம்) இரண்டு பக்கமும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பது சொல்லும். டோ அளவு (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு) தவறினால் டயர்தான் சீக்கிரம் தேயும், ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும், இழுப்பு பெரிதாக வராது. அளவு எவ்வளவு முயன்றும் வரம்புக்குள் வரவில்லை என்று சொன்னால் லோயர் ஆர்ம், நக்கிள் (சக்கரம் பொருந்தியிருக்கும் திரும்பும் பாகம்), சப்ஃபிரேம் (ரேக்கையும் லோயர் ஆர்மையும் தாங்கும் சட்டம்) என்று ஏதோ ஒன்று பழைய விபத்தில் வளைந்திருக்கலாம்.

வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது.

80 முதல் 110 கி.மீ. வேகத்துக்குள் வந்து, அதைத் தாண்டினால் குறைந்தால் வீல் பேலன்சிங். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் முன் டிஸ்க். மெதுவாகப் போகும்போதே வண்டி தள்ளாடினால் டயரை இறக்கிப் பாருங்கள், உள்ளே கம்பி அடுக்கு பிரிந்து ஒரு இடம் புடைத்திருக்கலாம், அந்த டயர் வெடிக்கக் காத்திருக்கிறது.

திருப்பும்போது கடகட என்று சத்தம்.

வண்டி நகர்ந்துகொண்டே திரும்பும்போது கட் கட் கட் என்று சக்கரத்தின் வேகத்துக்கேற்ப வந்தால் ஆக்ஸிலின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) சிவி ஜாயின்ட், அது ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதே அல்ல. நின்ற இடத்தில் திருப்பும்போது டங்கென்று ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரி கேட்டால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே உள்ள பேரிங். டயருக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக ஸ்ட்ரட் ஸ்பிரிங் மேல் லேசாகக் கை வைத்து, வேறொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் சுருண்டு சுருண்டு விடுபடுவது கைக்குத் தெரியும், விரலை ஸ்பிரிங் இடுக்கில் மட்டும் விட்டுவிடாதீர்கள். திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரத் தயங்குவதற்கும் இதே பேரிங் காரணமாவதுண்டு.

"ரேக்கில் ஒரு நட்டு இருக்கிறது, அதை முறுக்கினால் பிளே போய்விடும்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

அந்தச் சரிசெய்யும் திருகு பல ரேக்குகளில் இருப்பது உண்மைதான், பினியனோடு (ஸ்டியரிங் வீல் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) ரேக் எவ்வளவு அழுத்தமாகச் சேர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஆனால் பற்கள் தேய்வது நடுப்பகுதியில், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. நடுவில் உள்ள பிளேவைப் போக்க முறுக்கினால் தேயாத ஓரங்களில் இறுகும், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராமல் நின்றுவிடும். மற்ற மூட்டுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று உறுதியான பிறகு, மிகச் சிறிதாக, ஒவ்வொரு முறையும் இரண்டு கோடி வரை திருப்பிப் பார்த்துக்கொண்டே செய்யலாம். "டைட் வெச்சுட்டேன், எடுத்துட்டுப் போங்க" என்று வேலை முடிந்தால் அங்கேயே நின்று சோதித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சரி, ரேக் உண்மையிலேயே போய்விட்டது. புதுசா, ரீகண்டிஷனா, கழித்த வண்டியிலிருந்தா?

ஹைட்ராலிக் ரேக்கில் சீல் மட்டும் போய், உள்ளே உள்ள தண்டு துருப்பிடிக்காமல் வழவழப்பாக இருந்தால் சீல் கிட் மாற்றுவது நல்ல தீர்வு. பூட் கிழிந்து பல மாதம் தண்ணீரும் மண்ணும் போய் தண்டில் குழி விழுந்திருந்தால் எந்த சீலும் அங்கே தங்காது, மறுபடி கசியும். ரீகண்டிஷன் வாங்கினால் உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். கழித்த வண்டியிலிருந்து எடுக்கும் ஹைட்ராலிக் ரேக்கைக் கையால் கோடிக்குக் கோடி தள்ளிப் பார்த்து வாங்கலாம். எலக்ட்ரிக் வகையை அப்படி வாங்கும்போது யோசியுங்கள், மாட்டினால் போதாது, பல மாடல்களில் கோடிங்கும் (வண்டியின் கணினியில் பதிவு செய்வது) சென்சார் நடுநிலைப்படுத்தலும் செய்தால்தான் வேலை செய்யும், அதைச் செய்து தர ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேக்கை இறக்கும்போது ஸ்டியரிங் வீலை நேராக வைத்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். கட்டாமல் அது தன்பாட்டுக்குச் சுற்றினால் வீலுக்குள் ஏர்பேகுக்கும் ஹாரனுக்கும் போகும் சுருள் கேபிள் அறுந்துவிடும், அப்புறம் ஏர்பேக் விளக்கு எரியும், புதுச் செலவு.

டை ராடு எண்டை நானே மாற்றலாமா?

கை வேலை பழக்கம் இருந்தால் மாற்றலாம். பழையது திருகில் எந்த இடத்தில் நின்றது என்று பெயின்ட் அடையாளம் வைத்து, கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதியதையும் அதே சுற்றுகள் ஏற்றுங்கள். டை ராடு எண்டைக் கழற்றும் முன்பே, சக்கரம் ஆடாத நிலையில், லாக் நட்டைத் தளர்த்திவிட்டால் வேலை சுலபம். பழைய காட்டர் பின்னை (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) மறுபடி போடாதீர்கள், நைலான் வளையம் உள்ள நட்டையும் புதிதாகத்தான் போட வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அடுத்து அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாதா?

பெரும்பாலும் முடியும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சத்தங்கள் பல மறைந்துவிடும். நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி காது கொடுங்கள், பாட்டை நிறுத்திவிட்டு. நேரான சாலையில் ஸ்டியரிங் வீல் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். திருப்பத்தில் பிடியைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வர வேண்டும். முன் டயர்களின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வெளியே புதிது மாதிரி இருந்து உள்ளே மொட்டையாக இருப்பது அடிக்கடி காணக்கூடியது. குனிந்து இரண்டு டை ராடுகளிலும் வெளியே தெரியும் திருகின் நீளத்தை ஒப்பிடுங்கள், ஒரு பக்கம் மிக அதிகமாகவும் மறுபக்கம் மிகக் குறைவாகவும் இருந்தால் வளைந்த எதையோ மறைக்க அலைன்மென்ட்டில் ஈடுகட்டியிருக்கலாம்.

சப்ஃபிரேமில் ரேக் பொருத்தியிருக்கும் இடம் துருவால் அரித்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். ஏற்கெனவே வாங்கிவிட்ட வண்டியில் அப்படி இருந்தாலும் மேற்கொண்டு அதில் பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் திடீரென்று கனமாகிவிட்டால்?

இரண்டு கையாலும் இறுகப் பிடியுங்கள், திரும்பும், வழக்கத்தைவிடப் பல மடங்கு பலம் வேண்டும் அவ்வளவுதான். இன்ஜினே அணைந்திருந்தால் பிரேக் பூஸ்டரிலும் ஒன்றிரண்டு மிதிக்கான உதவிதான் மிச்சமிருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி முழுக்க நிற்கும் வரை சாவியைக் கடைசி நிலைக்குத் திருப்பி எடுக்கக்கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பெல்ட் அறுந்து பவர் ஸ்டியரிங் போயிருந்தால், சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் ஓட்டுகிறது, மேற்கொண்டு ஓட்டினால் இன்ஜின் சூடேறிப் பெரிய செலவாகும்.

நிறுத்திய வண்டியில் சாவியே திரும்பவில்லை, ஸ்டியரிங்கும் அசையவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை, பூட்டு அழுத்தத்தில் சிக்கியிருக்கிறது. ஸ்டியரிங்கை அது கொஞ்சம் இடம் கொடுக்கிற பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சாவியை மென்மையாகத் திருப்புங்கள். சாவியை மட்டும் பலமாக முறுக்கினால் உள்ளே உடைந்துவிடும்.